பழுது பார்க்க விட்ட வழி

1952 மே மாதம் இத்தாலி ஓர் ஊரைக் காலி செய்யச் சட்டம் போட்டது. தெற்கே பசிலிக்காட்டா மாநிலத்தில், கிராவினா பள்ளத்தாக்கின் செங்குத்தான விளிம்பில், மென்மையான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தும், குடைந்தெடுத்த கல்லைக்கொண்டே முகப்பு கட்டியும் ஜனங்கள் குடியிருந்த மத்தேராவின் 'சாஸ்ஸி' பகுதி அது. ஏறக்குறைய 15,000 பேர் படிப்படியாகப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். திரும்பி வந்துவிடாதபடி பல குகைவாசல்கள் சுவர் வைத்து அடைக்கப்பட்டன. 41 ஆண்டுகள் கழித்து, 1993இல், அதே சாஸ்ஸியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிலத்துக்கும் சூழலுக்கும் இவ்வளவு பொருந்திய குகைக் குடியிருப்பு மத்தியதரைக் கடல் நாடுகளில் அரிது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2019இல் மத்தேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராகவும் ஆனது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் கண்ணால் கண்டதை வைத்தே சொல்லப்பட்டவை. 1950 வாக்கில் சாஸ்ஸியில் ஒரே குகையில் ஒரு குடும்பமும் அதன் கோவேறு கழுதையும் பன்றியும் கோழிகளும் சேர்ந்து இருந்தன. மலேரியா வாட்டிவந்த இடம் அது. பிறந்த குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முசோலினி அரசால் அந்த மாநிலத்தில் கட்டாயமாகக் குடிவைக்கப்பட்டிருந்த கார்லோ லேவி 1945இல் வெளியிட்ட 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' நூலில் மத்தேரா பற்றிய பக்கங்கள் அவருடைய சகோதரி லூயிசாவின் வாய்மொழியாக வருகின்றன. அவர் மருத்துவர், தம்பியைப் பார்க்க வந்த வழியில் மத்தேராவில் இறங்கி நடந்தவர். அந்தப் பக்கங்களைப் படித்த எவரும் பழைய ஊர்களின் இயற்கையோடு இயைந்த வாழ்வைப் பற்றி வாய் இனிக்கப் பேச மாட்டார்கள். பேசவும் கூடாது. ஐரோப்பிய மரபுக் கட்டடங்களிலிருந்து இன்றைய காலத்துக்குப் பாடம் எடுக்க முயலும் எழுத்துகள் பலவும் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. தடித்த சுவர், சிறிய சன்னல், வெள்ளையடித்த முகப்பு, நிழல் விழும் ஒடுங்கிய தெரு என்று ஒரு வரிசை சொல்லி முடிகின்றன. சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆனால் கல் அதேதான், குகை அதேதான் என்னும்போது, பல நூற்றாண்டுகள் மனிதரை வாழவைத்த ஊர் எப்படி மனிதரைக் கொல்லும் ஊராயிற்று என்ற கேள்விக்கு அந்த வரிசையில் விடை கிடைப்பதில்லை.

விடை தண்ணீரில் இருக்கிறது. மத்தேராவில் மழை குறைவு. பெய்வதும் பெரும்பாலும் கோடை போன பிறகு. ஆறு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது, ஊரோ உச்சியில். ஆகவே அந்த ஊரின் கட்டடக் கலை மழைத்துளியைப் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறது. ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்காரர் நடக்கும் தெரு. அந்தத் தெருவில் விழும் நீர் ஓரத்துக் கல்வாய்க்கால் வழியே இறங்கி, வீட்டுக்கு அடியிலோ முற்றத்துக்கு அடியிலோ குடைந்த மணி வடிவத் தொட்டிக்குள் போகும். தொட்டியின் உட்புறம் ஓட்டையும் செங்கல்லையும் இடித்த தூளைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசியது. நாம் சுர்க்கி என்போமே, 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் பயன்பட்டதே, அதே இனம்தான். சொட்டு நீரை வெளியே விடாது. ஒரு தொட்டி நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்கு வழியும். தெளிந்த நீர்தான் கீழே இறங்க வேண்டும் என்பதற்காக வழியில் வண்டல் தங்கும் குழிகள். ஊர்ச் சதுக்கத்துக்கு அடியில் 'பலோம்பாரோ லுங்கோ' என்ற பெருந்தொட்டி இருக்கிறது. 16 மீட்டர் ஆழம். 50 லட்சம் லிட்டர் கொள்ளும். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை தேவைக்கேற்பக் குடைந்து குடைந்து பெரிதாக்கப்பட்டது. 1920களில் குழாய்த் தண்ணீர் வந்ததும் அதை மூடி மறந்தார்கள். 1991இல் சதுக்கத்தைச் சீர்செய்தபோது மறுபடி கண்டெடுத்தார்கள். தாங்கள் அன்றாடம் நடந்த தரைக்கு அடியில் ஒரு கோயில் மண்டபம் அளவுக்குத் தண்ணீர்க்கூடம் இருப்பது அறுபது எழுபது ஆண்டுகளில் ஓர் ஊருக்கே மறந்துபோகும் என்பது என்னை இன்னும் திடுக்கிட வைக்கிறது.

குகையைக் குடைந்த விதத்திலும் அதே கவனம். பல குகைகளின் தரை உள்ளே போகப்போகச் சரிந்து இறங்கும். குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் வாசல் வழியே கடைசிச் சுவர் வரை எட்டும். கோடையில் உச்சிவெயில் வாசலோடு நின்றுவிடும். வெளியே கல் சுடும்போது உள்ளே பாறையின் குளுமை. இதைக் கணக்குப் போட்டு வரைந்த தனி ஒருவர் யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உளிபிடித்தவர்கள் அறிந்து செய்தது.

இனி மனிதர்களின் ஏற்பாடு. ஒரு சிறு முற்றத்தைச் சுற்றிச் சில குகைவீடுகள். முற்றத்தின் நடுவே பொதுத் தொட்டியின் வாய். இந்தத் தொகுதிக்கு 'விச்சினாத்தோ' என்று பெயர். அக்கம்பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். துவைப்பது, தானியம் புடைப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த முற்றத்தில். ரொட்டி சுடும் அடுப்பு வீட்டுக்கு வீடு கிடையாது. விறகு அருமையான வறண்ட நிலத்தில் வீட்டுக்கொரு அடுப்பு எரிப்பது கட்டுப்படியாகாது. மாவை வீட்டில் பிசைந்து பொது அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். எல்லார் ரொட்டியும் ஒரே அடுப்பில் வெந்தால் எது யாருடையது? அதற்காக ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரத்தில் செதுக்கிய ஒரு முத்திரை இருந்தது. கைப்பிடியில் சேவலோ மனித உருவமோ செதுக்கியிருக்கும். அடியில் குடும்பத் தலைவரின் பெயரெழுத்து. பச்சை மாவில் அழுத்தி அனுப்பிவிடுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்த மரத்துண்டு இன்று மத்தேராக் கடைகளில் நினைவுப்பொருளாக விற்கிறது. எனக்கு அது ஓர் எரிபொருள் சிக்கனக் கருவி. பல வீட்டுக்கு ஓர் அடுப்பு என்ற ஏற்பாடு நம்பிக்கையோடு நடக்க இப்படி ஒரு பொருள் வேண்டியிருந்தது.

ஊர் நோயுற்ற கதையும் இங்கேதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை ஏறியது. திருச்சபையிடமும் பொதுவிலும் இருந்த மேய்ச்சல் நிலங்கள் தனியார் கைக்குப் போயின. நிலமிழந்தவர்களுக்குச் சாஸ்ஸியில் இடம் தேவைப்பட்டது. தொழுவங்கள் வீடாயின. தண்ணீர்த் தொட்டிகளே வாசல் வெட்டப்பட்டு வீடாயின. வெயில் எட்டாத, காற்று புகாத, ஈரம் கசியும் குழி அது. தண்ணீர் வைக்கத் தோண்டியது, தூங்க அல்ல. தோட்டமிருந்த மேடைகளில் மேலும் வீடுகள் எழுந்தன. தொட்டி போனதால் நீர் போயிற்று, வடிகால் குலைந்தது, எரு சேர்க்க இடமில்லாமல் கழிவு வாசலிலேயே நின்றது. சாஸ்ஸி யுனெஸ்கோ பட்டியலில் ஏறப் பாடுபட்ட கட்டடக் கலைஞர் பியேத்ரோ லவுரேயானோ பல ஆண்டுகள் வாதாடியது இதைத்தான்: லேவியின் சகோதரி பார்த்தது அந்த ஊரின் இயல்பான நிலை கிடையாது, அதன் சிதைவு. நான் அவர் பக்கம். ஊர் கெட்டது பழையதாக இருந்ததால் என்பதைவிட, அதை நடத்திவந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு முறிந்ததால் என்பதே பொருந்துகிறது.

சாஸ்ஸியைக் காலி செய்தபோது இதை ஓரளவு உணர்ந்தவர்களும் இருந்தார்கள். லூதொவிகோ குவரோனி முதலானோர் வடிவமைத்த லா மார்த்தெல்லா என்ற புதுக் கிராமத்தில் விச்சினாத்தோவை நினைத்து வீடுகளைச் சிறு கூட்டங்களாக வைத்தார்கள். வீட்டுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் தனித் தொழுவமும் கிடைத்தன. அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அக்கம்பக்கத்தை வரைபடத்தால் உண்டாக்க முடியவில்லை. பொதுத் தொட்டி இருந்தபோது அண்டைவீட்டாரோடு பேசித்தான் ஆக வேண்டும். வீட்டுக்குள் குழாய் வந்தபின் பேசுவது விருப்பம்.

வெனிஸ் இந்த விஷயத்தில் மத்தேராவுக்கு உடன்பிறப்பு. சுற்றிலும் நீர், குடிக்கச் சொட்டு இல்லை. அங்கே சிறு சதுக்கம்தோறும் நடுவில் செதுக்கிய கல்வாயோடு ஒரு கிணறு நிற்கும். பார்க்கிறவர்கள் ஊற்றுக் கிணறு என்று நினைப்பார்கள். உண்மையில் சதுக்கம் முழுவதுமே அந்தக் கிணறுதான். ஐந்தாறு மீட்டர் ஆழம் தோண்டி, உப்புநீர் கசிந்து வராதபடி களிமண்ணால் அணை பூசி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் நீர் ஊடுருவும் செங்கல்லால் குழாய்போல ஒரு தண்டு எழுப்பினார்கள். மேலே தளக்கல் நான்கு மூலைச் சல்லடைக் கற்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். மழைநீர் அந்த ஓட்டைகளில் இறங்கி, மணலில் வடிந்து, தண்டில் தெளிந்து நிற்கும். அன்று கிணற்றுக்குப் பூட்டு இருந்தது. சாவி வட்டாரத் தலைவரிடம். நாளுக்கு இரண்டு முறை மணியடித்துத் திறப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்படிப்பட்ட கிணறுகள் அந்த நகரத்தில் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்தன. வறண்ட பருவத்தில் பிரெந்தா ஆற்றிலிருந்து படகில் நன்னீர் கொண்டுவந்து ஊற்றும் தொழிலாளர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. 1884இல் கரையிலிருந்து குழாய் வந்தது. கிணற்று வாய்கள் இரும்பு மூடியோடு அலங்காரமாயின. குழாய் வந்ததற்கு நான் வருந்தவில்லை. காலராவைப் பார்த்த நகரம் அது. ஆனால் தரைத்தளம் போடுவதையும் மழைநீர் சேர்ப்பதையும் ஒரே வேலையாகச் செய்த அந்த அறிவு, இன்று வெள்ளத்தாலும் வறட்சியாலும் மாறி மாறி அடிபடும் எந்த நகரத்துக்கும் தேவை.

பொலோனியாவுக்கு வருகிறேன். இந்த ஊரின் சட்டம் எனக்கு மத்தேராவின் தொட்டிக்குச் சமமான கண்டுபிடிப்பு. பழைய பல்கலைக்கழக நகரம். மாணவர் கூட்டம் பெருக, வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீட்டிய மாடியைத் தாங்க மரத்தூண். கீழே கிடைத்த இடம் நிழல் நடைபாதை. மற்ற நகரங்கள் இதை ஆக்கிரமிப்பு என்று இடிக்கச் சொன்னன. பொலோனியா 1288இல் எதிர்த்திசையில் போயிற்று: தூண்தாழ்வாரம் இல்லாத வீட்டுக்காரர் தம் செலவில் கட்ட வேண்டும், இருப்பவர் தம் செலவில் என்றைக்கும் பராமரிக்க வேண்டும். நிலம் உங்களுடையது, நடப்பது ஊராருடையது. குதிரையில் வருபவரும் தலை இடிக்காமல் போக ஏழு அடி உயரம் என்றும் விதி வந்தது. அவர்கள் அடிக்கணக்கில் அது 2.66 மீட்டர். 1568இல் மரத்தூண்களைச் செங்கல் அல்லது கல்லாக மாற்ற உத்தரவு. அதற்குத் தப்பிய சில மரத்தாழ்வாரங்கள் இன்றும் உண்டு. காசா இசொலானியின் 13ஆம் நூற்றாண்டு ஓக் தூண்களை இப்போதும் கையால் தொட்டுப் பார்க்கலாம். நகரம் முழுவதும் சேர்த்து 62 கிலோமீட்டர் தாழ்வாரம். 2021இல் யுனெஸ்கோ பட்டியல். மழையில் குடை வேண்டாம், கோடையில் வெயில் படாது, பட்டறைக்காரர் வாசலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நடக்க வைப்பதற்கு இதைவிட மலிவான போக்குவரத்துத் திட்டம் எந்த நகரமும் போட்டதாகத் தெரியவில்லை. எழுநூறு ஆண்டுக்கு மேலாக அது நிற்பதற்குக் காரணம் தூணின் வலிமையைவிட, தூணைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பது எழுத்தில் இருந்ததுதான்.

எல்லாப் பழைய நகரமும் இப்படி முன்யோசனையோடு நடந்தது என்று சொல்ல வரவில்லை. மரவீடுகள் நெருக்கியடித்த லண்டன் 1666இல் எரிந்த பிறகுதான், மறு ஆண்டு, செங்கல்லிலும் கல்லிலும் மட்டுமே கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. பல பாடங்கள் சாம்பலில் கற்றவை.

இனி சுவர். ஐரோப்பாவின் பழைய கற்கட்டடங்களில் நான் வியக்கும் பொருள் கல் அல்ல, கல்லுக்கு நடுவில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து. மழையில் சுவர் நனையும். தரையிலிருந்தும் ஈரம் ஏறும். ஏறிய ஈரம் எப்படியும் வெளியே போக வேண்டும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மை, நுண்துளை நிறைந்தது. ஆகவே ஈரம் அந்தச் சந்து வழியே வெளியேறும். அது சுமந்துவரும் உப்பு அங்கேயே படிகமாகிச் சாந்தைப் பொரிய வைக்கும். காலம் செல்லச் செல்லச் சாந்து உதிரும். ஒரு கொத்தனார் வந்து உதிர்ந்ததைச் சுரண்டி, புதுச் சாந்து திணித்து, ஈரச் சாக்கு போட்டு மூடிவிட்டுப் போவார். கல் அப்படியே இருக்கும். தோற்பதற்கென்றே வைக்கப்பட்ட பொருள் அந்தச் சாந்து. அது தோற்றுத் தோற்றுச் சுவரைக் காப்பாற்றுகிறது. வீட்டின் அடித்தளம் கொஞ்சம் அமர்ந்தாலும் சுண்ணாம்பு வளைந்து கொடுக்கும். நுண்ணிய விரிசல் விழுந்தால், உள்ளே வரும் நீரில் கரைந்த சுண்ணாம்பு மறுபடி படிந்து விரிசலைத் தானே மூடுவதும் உண்டு.

20ஆம் நூற்றாண்டில் இந்தச் சந்துகளில் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள், உறுதியான பொருள், வேகமாக இறுகும், திரும்ப வேலை வைக்காது. விளைவை இன்று பல நாட்டுப் பழைய தேவாலயச் சுவர்களில் பார்க்கலாம். சிமெண்ட் ஈரத்தை விடவில்லை. ஈரம் வேறு வழியின்றிக் கல்லின் முகம் வழியே வெளியேறியது. உப்பு கல்லுக்குள் படிகமாயிற்று. கல் பொருக்கு பொருக்காக உதிர்ந்து உள்வாங்க, சிமெண்ட் வரிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நூற்றாண்டுகள் தாங்கிய கல், திரும்ப வேலை வைக்காத பொருளோடு சில பத்தாண்டுகள்கூடத் தாங்கவில்லை. சுண்ணாம்பு சுட 900 பாகை செல்சியஸ் போதும், சிமெண்ட் கிளிங்கருக்கு 1,450 பாகை வேண்டும், சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது என்ற கணக்கெல்லாம் பின்னால் வருவது. முதல் கணக்கு, எது பழுது பார்க்க விடுகிறது என்பது.

மரத்திலும் இதே நியாயம். ஜெர்மனியின் குவெட்லின்பர்க்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே வோர்ட்காஸ்ஸெ தெருவில் 14ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று இன்று அந்தக் கலைக்கே அருங்காட்சியகம். இத்தகைய வீட்டின் சட்டத்தைத் தச்சர்கள் முதலில் பட்டறை முற்றத்தில் படுக்கை வசத்தில் பூட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மரத்திலும் உளியால் ஓர் எண் வெட்டி, பிரித்து எடுத்துப்போய், மனையில் எண் பார்த்து மறுபடி பூட்டி நிறுத்துவார்கள். ஆணி இரும்பு அல்ல, ஓக் முளை. சட்டங்களுக்கு நடுவே மிலாறு பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். ஈரம் முதலில் தாக்குவது தரையோரத்துக் கிடைமரத்தை. அது உளுத்தால் வீட்டை முட்டுக்கொடுத்துத் தூக்கி, கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, புது மரத்தை ஒட்டுப்பூட்டாக இணைப்பார்கள். அப்பிய களிமண் உதிர்ந்தால் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அதே மண் மறுபடி சுவராகும். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் காசும் ஆளும் ஒதுக்கப்படாமல் குவெட்லின்பர்க்கின் கூரைகள் ஒழுகின. ஐந்து நூற்றாண்டு கெடுக்காததை நாற்பது ஆண்டுக் கவனமின்மை கெடுத்தது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறி, அதற்குப் பின் வீடு வீடாக மீட்டார்கள். மேற்கிலோ வேறு கேடு. மரச்சட்டத்தின்மேல் சிமெண்டும் மூச்சுவிடாத சாயமும் பூசியதில் உள்ளே மரம் சத்தமில்லாமல் மக்கியது.

இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது இந்த ஆபத்தை வேறு வடிவில் கண்டிருந்தார். அன்றைய கட்டடக் கலைஞர்கள் பழைய தேவாலயங்களை 'மீட்டெடுக்கிறோம்' என்று சுரண்டித் தேய்த்துப் புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அறிக்கையின் சாரம் எளியது. பெரிய மீட்டெடுப்பு வேண்டாம், அன்றன்றைய பராமரிப்பு போதும்: கூரையில் ஓர் ஓடு நழுவினால் அன்றே ஏறி வையுங்கள். நிலைத்த வடிவமைப்பைப் பற்றி இன்று வரும் தடித்த வழிகாட்டிகளில் இதைவிடக் கூர்மையான ஓர் அறிவுரையை நான் பார்க்கவில்லை.

ஆனால் ஓடு வைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே. ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்துக்கு 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு பணிமனை இருக்கிறது. கட்டி முடித்த பிறகும் கலைக்காமல், கல் வெட்டுவோரையும் சிற்பிகளையும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 800 ஆண்டாக அந்த ஒரே கட்டடத்தை மூலை மூலையாகச் சீர்செய்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட தேவாலயப் பணிமனைகளை 2020இல் யுனெஸ்கோ பாதுகாப்பு முறைக்கு நல்ல எடுத்துக்காட்டாக ஏற்றது. பாரிஸில் 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோது, அந்த ஓக் சட்டத்தை மறுபடி மரத்தாலேயே செய்ய முடியுமா, அத்தனை தச்சருக்கு எங்கே போவது என்ற பேச்சு எழுந்தது. ஆட்கள் இருந்தார்கள். 1997 முதல் பர்கண்டி காட்டுப் பகுதியில், கெதலோன் என்ற இடத்தில், 13ஆம் நூற்றாண்டுக் கருவிகளையும் முறைகளையும் மட்டுமே வைத்து ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கூட்டம் ஒன்று இருந்தது. பலர் அதை வேடிக்கை என்று நினைத்திருந்தார்கள். பச்சை ஓக் மரத்தைக் கோடரியால் சதுரமாகச் செதுக்கத் தெரிந்த அந்தத் தச்சர்களில் சிலர் நோத்ர தாமுக்கு வந்தார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தது. கைப்பழக்கத்தைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் ஒரு கோட்டையைப் பொறுமையாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்குச் செலவழிக்கும் காசு வீண் போவதில்லை.

கட்டடம் நிற்க ஊரும் நிற்க வேண்டும். பொலோனியா இதையும் ஒருமுறை செய்துகாட்டியது. பியேர் லூயிஜி செர்வெல்லாத்தி முன்னின்று வகுத்த 1973 திட்டம் பழைய நகர மையத்தின் வீடுகளை மட்டுமன்றி அங்கே குடியிருந்த தொழிலாளரையும் சேர்த்துக் காக்க முயன்றது. சீர்செய்த வீட்டுக்குப் பழைய ஆள் திரும்பி வர வேண்டும், வாடகை அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பது அதன் நோக்கம். முழுதும் கைகூடவில்லை என்றாலும், மரபுக் கட்டடத்தைக் காப்பதென்றால் யாருக்காக என்று வெளிப்படையாகக் கேட்ட முதல் நகரத் திட்டங்களில் அது ஒன்று. எதிர்ப்பக்கம் வெனிஸ். 1951இல் தீவு நகரத்தில் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் 50,000க்கும் கீழே போயிற்று. அரண்மனைகள் பளபளக்கின்றன, கிணற்று வாய்கள் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, மாடிகளில் இரவுக்கு ஒரு விருந்தாளி. சாவி வைத்திருக்க வட்டாரத் தலைவரும் இல்லை, அவருக்கு வட்டாரமும் இல்லை. மத்தேராவின் பல குகைகளும் இன்று தங்கும் விடுதிகள். அவற்றை நான் பழிக்க மாட்டேன். விடுதி வராவிட்டால் சில இடிந்தே போயிருக்கும். ஆனால் அதை நிலைத்த வாழ்வின் வெற்றி என்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். முற்றத்தில் பிள்ளைகள் இல்லாத விச்சினாத்தோ வெறும் முற்றம்.

2020இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட புதுப்பித்தல் திட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: இன்று அங்கே நிற்கும் கட்டடங்களில் 85 முதல் 95 விழுக்காடு 2050இலும் நிற்கும். வருங்கால நகரம் பெரும்பாலும் ஏற்கெனவே கட்டியாயிற்று. ஆகவே அங்கே முக்கியமான கலைஞர் புதுக் கோபுரம் வரைபவர் அல்ல. பழைய சுவரின் முன் நின்று அது எதனால் ஆனது, ஈரம் எந்த வழியில் போகிறது என்று தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்.

சுண்ணாம்பின் வேதியியலுக்கு நாட்டெல்லை கிடையாது. 1620இல் டேனிஷ்காரர்கள் வந்திறங்கிய தரங்கம்பாடியிலும், புதுச்சேரியிலும், செட்டிநாட்டிலும், நம் சிற்றூர் அக்கிரகாரங்களிலும் சுண்ணாம்பில் எழுந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இதை வாசிக்கும் உங்களுக்கு அப்படி ஒரு வீடு இருந்து, பூச்சு பொரிந்திருந்தால், சிமெண்ட் பூசி முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரோடு இளையவர் ஒருவரையும் நிற்க வைத்து, இருவருக்கும் கூலி கொடுங்கள்.